மின்னிரைச்சலும் துகள் கற்றையும்

தேனி மாவட்டத்தின் பெயர் உலக அறிவியலாளர்களின் வாயில் அடிபடுவதற்கு நமது மலை ஒன்றே காரணம். தேவாரத்துக்கு அருகே பொட்டிப்புரம் என்னும் சிற்றூர். அதன் பின்னே நிற்பது போடி மேற்கு மலைத் தொடரைச் சேர்ந்த அம்பரப்பர் மலை. அந்த மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் ஒன்றை அமைக்கும் திட்டத்துக்கு 2015ஆம் ஆண்டு ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மதிப்பீடு ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்.

அன்றிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கின் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் ஒரு கேள்வி உலவி வருகிறது. "மலைக்குள்ளே துகளை வேகமாய் ஓடவிட்டு மோத விடுவார்களாமே! மலை தாங்குமா?" என்பதே அது. கேட்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. செய்தித்தாளில் நியூட்ரினோ, ஜெனீவா, துகள் முடுக்கி என்னும் சொற்கள் ஒரே பக்கத்தில் வந்தால் யாருக்கும் குழப்பம் உண்டாகும். ஆதலால் முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். பொட்டிப்புரத்துக்குத் திட்டமிடப்பட்டது துகள் முடுக்கி அன்று. அது ஒரு துகள் உணர்கருவி. முடுக்கி என்பது துகளை விரட்டுவது. உணர்கருவி என்பது வரும் துகளைக் கண்டுகொள்வது. முன்னது ஓட்டுநர் என்றால் பின்னது காவற்காரர்.

ஆனால் இவ்விரண்டுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. அதுவே மின்னிரைச்சல். அந்த எதிரி முடுக்கிகளில் ஓடும் கற்றையை எவ்வாறு தடுமாற வைக்கிறது, அறிவியலாளர் அதனை எவ்வாறு அடக்குகிறார்கள் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். இறுதியில் நமது மலைக்கும் திரும்பி வருவோம்.

வீட்டுக்குள் இருந்த முடுக்கி

துகள் முடுக்கி என்றதும் ஏதோ எட்டாத பொருள் என்று எண்ண வேண்டா. தட்டைத் திரைகள் வருவதற்கு முன்பு நம் வீட்டு நடுக்கூடத்தில் இருந்த பருத்த தொலைக்காட்சிப் பெட்டி ஒரு சிறிய முடுக்கியே ஆகும். அதன் கண்ணாடிக் குழாயின் பின்கழுத்தில் சூடான கம்பி ஒன்று எலெக்ட்ரான்களை உமிழும். ஏறத்தாழ 20,000 வோல்ட் மின்னழுத்தம் அவற்றை முன்னோக்கி இழுக்கும். கழுத்தைச் சுற்றியிருந்த செப்புக் கம்பிச் சுருள்கள் காந்தமாகச் செயற்பட்டு, அந்த எலெக்ட்ரான் கற்றையை வலமும் இடமும் மேலும் கீழும் வளைக்கும். கற்றை திரையில் ஒரு நொடிக்கு 15,625 கோடுகள் போடும். அக்கோடுகளே நமக்குப் படமாகத் தெரிந்தன.

மாலை வேளையில் மின்னழுத்தம் குறைந்தால் படம் நாற்புறமும் சுருங்கும். அதற்காகவே வீடுதோறும் ஒரு ஸ்டெபிலைசர் வைத்திருந்தோம். மற்றொரு கோளாறும் உண்டு. படத்தின் ஓரங்கள் நேராக நில்லாமல் பாம்புபோல் நெளியும். பழுது பார்க்க வருபவர் பெட்டியைத் திறந்து பார்த்து, "கண்டன்சர் போய்விட்டது" என்பார். புதிய கண்டன்சரைப் பற்றவைத்தவுடன் நெளிவு நின்றுவிடும்.

நடந்தது என்ன? நம் வீட்டுக்கு வருவது நொடிக்கு 50 முறை ஏறி இறங்கும் மாறு மின்னோட்டம். பெட்டிக்குள் அது ஒரே திசையில் செல்லும் நேர் மின்னோட்டமாக மாற்றப்படுகிறது. மாற்றிய பின்னும் அதில் சிறு ஏற்ற இறக்கம் எஞ்சி நிற்கும். அந்த அலையைச் சமப்படுத்துவதே கண்டன்சரின் வேலை. கண்டன்சர் தளர்ந்தால் அலை கம்பிச் சுருளுக்குள் புகுந்து கற்றையை அசைக்கிறது. மின்னிரைச்சல் கற்றையைத் தடுமாற வைப்பது என்பது இதுதான். பெரிய முடுக்கிகளில் நடப்பதும் இதுவே. அளவுதான் வேறு, விளைவுதான் வேறு.

இந்தூரில் ஒரு வளையம்

நம் நாட்டின் பெரிய முடுக்கிகளுள் ஒன்று மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில் உள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இயங்குகிறது. அதன் பெயர் இண்டஸ்-2. ஏறத்தாழ 172 மீட்டர் சுற்றளவுள்ள வளையம். காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை ஒட்டிய வேகத்தில் சுற்றுகின்றன. ஒரு நொடியில் 17 லட்சம் சுற்றுகளுக்கும் மேல்! வளையும்போது அவை எக்ஸ் கதிர்களைச் சொரிகின்றன. அந்த ஒளியைக் கொண்டு ஆய்வாளர் புரதப் படிகங்களையும் புதிய உலோகங்களையும் நுண்ணிதாகப் படம் பிடிக்கின்றனர். ஒரு மருந்து நோய்க்கிருமியின் புரதத்தில் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்பதை இத்தகைய ஒளியால் கண்டறியலாம்.

எலெக்ட்ரானை வளைப்பது காந்தம். காந்தத்தை உண்டாக்குவது கம்பிச் சுருளில் ஓடும் மின்னோட்டம். ஆகவே மின்னோட்டம் நடுங்கினால் காந்தம் நடுங்கும். காந்தம் நடுங்கினால் கற்றை நடுங்கும். கற்றை நடுங்கினால் ஒளி நடுங்கும். ஒளி நடுங்கினால் படம் மங்கும். ஓர் ஆய்வாளரின் பல மாத உழைப்பு இந்தச் சங்கிலியின் முதற்கண்ணியில் தொங்குகிறது.

எவ்வளவு நடுக்கத்தைப் பொறுக்கலாம்? இவ்வகை ஒளி வளையங்களில், கற்றை தன் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அசையலாகாது என்பது பொதுவான விதி. கற்றையின் மேல்கீழ்த் தடிமனோ பல வளையங்களில் நம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதில் பத்தில் ஒரு பங்கு என்றால் எண்ணிப் பாருங்கள்! இதற்காகக் காந்தங்களுக்குச் செல்லும் மின்னோட்டத்தைப் பத்து லட்சத்தில் சில பங்கு, அல்லது சில பத்துப் பங்கு என்னும் துல்லியத்தில் நிலைநிறுத்த வேண்டியிருக்கிறது. 1,000 ஆம்பியர் ஓடும் இடத்தில் பத்து லட்சத்தில் 10 பங்கு என்பது ஓர் ஆம்பியரில் நூறில் ஒரு பங்கே ஆகும். நம் வீட்டு ஸ்டெபிலைசர் 220 வோல்ட்டில் பத்து வோல்ட் முன்பின் இருந்தாலும் கவலைப்படுவதில்லை என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

இரைச்சல் என்றவுடன் காதுக்குக் கேட்கும் ஓசை என்று கொள்ள வேண்டா. நாம் விரும்பாத, நாம் அனுப்பாத எந்த மின் அசைவும் மின்னிரைச்சலே. அதன் பிறப்பிடங்கள் பல.

முதலாவது, மின்சாரத்தின் பிறவிக் குணம். லோயர் கேம்ப்பில் பெரியாற்று நீர் பெரிய இரும்புக் குழாய்கள் வழியே இறங்கி எந்திரங்களைச் சுழற்றுவதைக் குமுளி மலைப்பாதையில் செல்லும்போது பார்த்திருப்பீர்கள். அங்கே பிறக்கும் மின்சாரமும் நாடெங்கும் ஓடும் மின்சாரமும் நொடிக்கு 50 முறை அலைவதே. அதனை நேர் மின்னோட்டமாக மாற்றும்போது 50, 100, 300, 600 என்று அதன் மடங்குகளில் அலைகள் எஞ்சுகின்றன.

இரண்டாவது, அக்கம்பக்கத்து எந்திரங்கள். திராட்சைத் தோட்டத்துக் கிணற்று மோட்டாரைப் போட்டவுடன் வீட்டு விளக்கு ஒரு கணம் மங்கிப் பிரகாசிக்கிறதல்லவா? மிக்சி ஓடும்போது வானொலி கரகரக்கிறதல்லவா? முடுக்கி நிலையத்திலும் குளிர்நீர்ப் பம்புகள், பாரம் தூக்கிகள், குளிர்சாதனங்கள் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஓர் அசைவைக் கம்பிகளில் சேர்க்கிறது.

மூன்றாவது, நிலத்தின் வழியே வருவது. வீட்டு மூலையில் குழி தோண்டி, கரியும் உப்பும் இட்டு எர்த் கம்பி புதைக்கிறோம். ஒரே கட்டடத்தில் இரண்டு இடங்களில் எர்த் கொடுத்து, இரண்டையும் ஒரே கருவியில் இணைத்தால் கம்பியும் நிலமும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். அந்த வளையத்தில் அழையா விருந்தாளியாக மின்னோட்டம் சுற்றத் தொடங்கும்.

நான்காவது வகை ஒருபோதும் ஒழியாதது. எந்தப் பொருளிலும் வெப்பம் உள்ளவரை அதிலுள்ள எலெக்ட்ரான்கள் துடித்துக்கொண்டே இருக்கும். அத்துடிப்பே ஒரு சிறு இரைச்சல். 1928ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் என்பவர் இதனை அளந்து வெளியிட்டார்; நைக்விஸ்ட் என்பவர் அதற்குக் கணக்கு வகுத்தார். குளிர்வித்தால் இது குறையுமேயன்றி அடியோடு மறையாது.

அடி மேல் அடி

இத்தனை சிறிய அசைவுகள் அத்தனை பெரிய எந்திரத்தை என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். இங்கேதான் வளையத்தின் தனிக்குணத்தை அறிய வேண்டும்.

மெதுவான அசைவுகள் கற்றையின் பாதை முழுவதையும் சற்றே நகர்த்துகின்றன. தண்டவாளம் இடம் பெயர்ந்தால் வண்டி முழுவதும் இடம் பெயர்வது போல. விரைவான அசைவுகளோ வேறு வகையில் தீங்கு செய்கின்றன. வளையத்தில் ஓடும் துகள் கோடு போட்டாற்போல் ஓடுவதில்லை. நடுப்பாதையின் இருபுறமும் ஊஞ்சல்போல் அலைந்துகொண்டே ஓடுகிறது. ஊஞ்சலை ஆட்டும்போது நாம் என்ன செய்கிறோம்? அது நம்மிடம் வரும் நேரம் பார்த்துச் சிறிதாகத் தள்ளுகிறோம். நேரம் பொருந்தினால் குழந்தையின் கையால் தள்ளினாலும் ஊஞ்சல் உத்திரத்தைத் தொடும். நேரம் தப்பினால் பெரியவர் தள்ளினாலும் நின்றுவிடும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும். அடிகள் நேரம் பார்த்து விழவேண்டும் என்பதே கூடுதல் விதி.

ஜெனீவாவில் செர்ன் நிறுவனத்தின் பெரிய வளையமான எல்.எச்.சி.யை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு 27 கிலோமீட்டர். புரோட்டான் ஒன்று அதில் நொடிக்கு 11,245 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது 60க்கும் மேற்பட்ட முழு அலைகளும், அதன்மேல் 0.31 அலையும் அலைகிறது. வளையத்தின் ஓரிடத்தில் நின்று பார்ப்பவருக்கு முழு அலைகள் கணக்கில் வாரா, அந்த 0.31 மட்டுமே தெரியும். 11,245ஐ 0.31ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 3,490 வருகிறது. அதாவது நொடிக்கு 3,490 முறை தள்ளும் எந்த இரைச்சலும் அந்த ஊஞ்சலுக்கு ஏற்ற கை ஆகிவிடும். இனி 50ஐ 70ஆல் பெருக்குங்கள். 3,500! சுவரில் உள்ள பிளக்கில் பிறந்த அலையின் எழுபதாம் மடங்கு, புரோட்டானின் ஊஞ்சல் கணக்குக்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

இது வெறும் காகிதக் கணக்கன்று. எல்.எச்.சி.யின் கற்றையிலேயே 50இன் மடங்குகள் வரிசையாகத் தெரிகின்றன. 2018ஆம் ஆண்டில் நடத்திய சோதனைகளில், வளைக்கும் காந்தங்களுக்கு மின்சாரம் தரும் கருவிகளின் வடிகட்டிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தபோது கற்றையில் தெரிந்த கோடுகளும் கூடிக் குறைந்தன. குற்றவாளி யார் என்பது அதனால் புலப்பட்டது.

இவ்வாறு ஓயாமல் தட்டப்படும் கற்றை மெல்ல மெல்லப் பருக்கிறது. ஓரத்துத் துகள்கள் குழாயின் சுவரில் மோதி அழிகின்றன. எதிரெதிரே வரும் இரு கற்றைகள் சந்திக்கும்போது மோதல்கள் குறைகின்றன. எல்.எச்.சி. முழு ஆற்றலுடன் ஓடும்போது ஒரு கற்றையிலுள்ள ஆற்றல் அரை டன் செம்பை உருக்கப் போதுமானது. அதனால்தான் கற்றை வழிதவறத் தொடங்கினால் மூன்று சுற்றுகளுக்குள், அதாவது ஒரு நொடியில் நாலாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள், அதனைத் தனிக்குழாய் வழியே வெளியேற்றிக் கரித் தொகுதியில் அடக்கிவிடும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

ரயில் செய்த குறும்பு

இதே 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் எல்.எச்.சி.க்கு முன்பு, 1989 முதல் 2000 வரை, லெப் என்னும் எலெக்ட்ரான் முடுக்கி இயங்கியது. இசட் என்னும் துகளின் நிறையைத் துல்லியமாக அளப்பது அதன் தலையாய பணிகளுள் ஒன்று. அதற்குக் கற்றையின் ஆற்றல் மிகத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

1995ஆம் ஆண்டில் காந்தங்களுக்குள் நுண்ணிய அளவிகளை வைத்துப் பார்த்தபோது, காந்தப்புலம் பகலெல்லாம் படபடத்தது. நள்ளிரவுக்குப் பின் சில மணி நேரம் மட்டும் அடங்கியது. விடியும் முன் மீண்டும் தொடங்கியது. மின்சாரக் கருவிகள் இரவு பகல் ஓயாமல் ஓடுகின்றன. அப்படியிருக்க, இரவில் உறங்கிப் பகலில் விழிக்கும் இரைச்சல் எது?

அவ்வாண்டு நவம்பரில் அவர்கள் ரயில் தண்டவாளத்தின் மின்னழுத்தம், லெப் குழாயில் ஓடிய மின்னோட்டம், காந்தப்புலம் ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் அளந்தனர். ஜெனீவாவிலிருந்து பாரிஸ் செல்லும் விரைவு ரயில் புறப்பட்டது. மூன்று கோடுகளும் ஒன்றாகத் துள்ளின! அந்தப் பிரெஞ்சுப் பாதை நேர் மின்னோட்டத்தில் இயங்குவது. தண்டவாளம் வழியே திரும்ப வேண்டிய மின்னோட்டத்தில் ஒரு பகுதி மண்ணில் கசிந்து, சுலபமான வழி தேடி, லெப்பின் உலோகக் குழாயில் ஏறிப் பயணம் செய்து, ஓர் ஆற்றை ஒட்டி வெளியேறிக்கொண்டிருந்தது. அளவு ஓர் ஆம்பியர்தான். ஆயினும் அது கற்றையின் ஆற்றலை ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை மாற்றியது.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1992இல், சந்திரனின் ஈர்ப்பு அந்த வளையத்தின் சுற்றளவை ஒரு மில்லிமீட்டர் அளவு நீட்டிச் சுருக்குவதையும் அவர்கள் கண்டிருந்தனர். சந்திரனுக்கும் ரயிலுக்கும் கணக்கில் இடம் கொடுத்த பிறகே இசட் துகளின் நிறை 91,187 என்றும், பிழை 2 என்றும் சொல்ல முடிந்தது. அளவு மெகா எலெக்ட்ரான் வோல்ட்டில்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. படபடப்பைக் கண்டவர்கள், "ஏதோ கருவிக் கோளாறு" என்று துடைத்துவிட்டுப் போகவில்லை. அது எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்று நேரம் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்பே அவர்களை ரயில் நிலையம் வரை அழைத்துச் சென்றது.

அடக்கும் வழிகள்

இரைச்சலை அடக்க இன்று கையாளப்படும் வழிகளை வரிசைப்படுத்திக் கூறுவோம்.

1. பிறக்கும் இடத்திலேயே அடக்குதல். மின் வழங்கிகளில் கண்டன்சர்களும் கம்பிச் சுருள்களும் கொண்ட வடிகட்டிகளை வைப்பது. தொலைக்காட்சிப் பெட்டியில் ஒரு கண்டன்சர் செய்த வேலையை இங்கே அலமாரி அலமாரியாகச் செய்கிறார்கள்.

2. பிரித்து வைத்தல். பெரிய மோட்டார்களின் கம்பியும் நுண்ணிய அளவிகளின் கம்பியும் ஒரே பாதையில் செல்லாமல் பார்த்துக்கொள்வது. எர்த் இணைப்பை ஒழுங்குபடுத்தி, வேண்டாத வளையம் உண்டாகாமல் தடுப்பது.

3. போர்த்துதல். கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி உலோக உறையால் மூடுவது. இயன்ற இடங்களில் செம்புக் கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி இழை வழியே ஒளியாகச் செய்தி அனுப்புவது. ஒளியை மின்னிரைச்சல் தொடாது.

4. குழாயின் உதவி. கற்றை ஓடும் உலோகக் குழாயே மிக விரைவான காந்த அசைவுகளைப் பெருமளவு தடுத்துவிடுகிறது. மெதுவான அசைவுகளே உள்ளே நுழைகின்றன.

5. பின்னூட்டம். இத்தனைக்கும் தப்பி நுழைந்த அசைவைக் கண்டு, உடனே எதிர் அசைவு கொடுத்துச் சரிசெய்வது. வளையத்தைச் சுற்றிலும் கற்றையின் இடத்தைக் காட்டும் உணர்விகள் இருக்கும். அவை சொல்லும் செய்தியைக் கணிப்பொறி கணக்கிட்டுச் சிறிய திருத்தக் காந்தங்களுக்குக் கட்டளை இடும். இண்டஸ்-2இலும் இவ்வாறு மெதுவான அசைவுக்கு ஒன்றும் விரைவான அசைவுக்கு ஒன்றுமாகப் பின்னூட்ட ஏற்பாடுகள் செய்யப்பட்டுள்ளன. வரப்பின் மேல் சைக்கிள் ஓட்டும்போது நம் கண் பாதையைப் பார்க்க, கை ஓயாமல் சிறிது சிறிதாகத் திருத்திக்கொண்டே இருக்கிறதே, அதுவும் பின்னூட்டமே.

ஆனால் இந்த ஐந்தாம் வழியில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. உணர்வியிலேயே இரைச்சல் புகுந்தால் என்னாகும்? கற்றை நேராகவே ஓடிக்கொண்டிருக்கும். உணர்வியோ அது விலகிவிட்டதாகச் சொல்லும். கட்டளைக்குப் பணிந்த காந்தம், நேராக ஓடியதைக் கோணலாக்கிவிடும். திருத்த வந்த கையே தீங்கு செய்த கையாகும். ஆகவே எவ்வளவு விரைவாகத் திருத்துகிறோம் என்பதைவிட, கேட்ட செய்தி மெய்தானா என்று முதலில் அறிவதே பெரிது. முடுக்கிப் பொறியாளர்கள் இதற்கே பெரும் பாடுபடுகின்றனர். பல உணர்விகள் ஒத்துச் சொன்னால் நம்புவது, ஒன்று மட்டும் மாறிச் சொன்னால் அதனை ஐயுறுவது என்பது அவர்கள் கைக்கொள்ளும் நெறி.

இரைச்சலே செய்தியான கதை

எல்லா இரைச்சலும் வீண் என்று தள்ளிவிடவும் கூடாது. கற்றையில் கோடிக்கணக்கான துகள்கள் தனித்தனியே அலைவதால், கற்றையே ஒரு மெல்லிய இரைச்சலை எழுப்புகிறது. ஹாலந்து நாட்டைச் சேர்ந்த சைமன் வான் டெர் மீர் என்னும் பொறியாளர் செர்ன் நிறுவனத்தில் பணியாற்றும்போது, அந்த முணுமுணுப்புக்குள் துகள்களின் விலகல் பற்றிய செய்தி அடங்கியிருக்கிறது என்று உணர்ந்தார். 1972இல் அக்கருத்தை எழுதி வெளியிட்டார். வளையத்தின் ஒரு புறத்தில் அந்த முணுமுணுப்பைக் கேட்டு, பெருக்கி, குறுக்கு வழியாக எதிர்ப்புறத்துக்கு அனுப்ப வேண்டும். துகள்கள் வளைந்து சுற்றி வருவதற்குள் செய்தி நேர்வழியே முந்திவிடும். வந்து சேரும் துகள்களுக்கு ஏற்ற சிறு தட்டுக் கொடுத்தால், சிதறியவை மெல்லத் திரண்டு ஒழுங்கான கற்றையாகும்.

இம்முறையால்தான் எதிர்ப் புரோட்டான்களைத் திரட்டி மோதவைக்க முடிந்தது. அதன் பயனாக 1983இல் டபிள்யூ, இசட் என்னும் துகள்கள் கண்டுபிடிக்கப்பட்டன. 1984ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கார்லோ ரூபியாவுக்கும் வான் டெர் மீருக்கும் பகிர்ந்து அளிக்கப்பட்டது. பிறர் இரைச்சல் என்று ஒதுக்கியதைச் செவிமடுத்தவருக்குக் கிடைத்த பெருமை அது.

மீண்டும் நமது மலைக்கு

இப்போது பொட்டிப்புரத்துக்கு வருவோம். அங்கே திட்டமிடப்பட்ட உணர்கருவி 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கி, அவற்றைக் காந்தமாக்கி, இடையிடையே கண்ணாடித் தகட்டு உணர்விகளைச் செருகுவதாகும். அதில் ஓடும் கற்றை எதுவும் இல்லை. வானில் இயற்கையாகவே உண்டாகி, நம் எல்லோரின் உடல் வழியாகவும் இக்கணமும் தீங்கின்றிச் சென்றுகொண்டிருக்கும் நியூட்ரினோக்களில் மிக அரிதாக ஒன்று இரும்பில் மோதும்போது அதனைக் கண்டுகொள்வதே நோக்கம்.

அப்படியானால் மலை எதற்கு? இரைச்சலுக்காகத்தான்! விண்ணிலிருந்து மியூவான் என்னும் துகள்கள் ஓயாமல் பொழிகின்றன. நம் உள்ளங்கை வழியே நொடிக்கு ஒன்றாவது செல்கிறது. அவற்றின் நடுவே நியூட்ரினோவைத் தேடுவது, தேனி வாரச் சந்தையில் குண்டூசி விழும் ஓசையைக் கேட்க முயல்வதற்கு ஒப்பாகும். தலைக்கு மேலே ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை இருந்தால் மியூவான்கள் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறையும். 1965ஆம் ஆண்டில் நம் நாட்டவர் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வான்வெளி நியூட்ரினோவைக் கண்டதும் இக்காரணத்தாலேயே.

பாறை மியூவானைத் தடுக்கும், மின்னிரைச்சலைத் தடுக்காது. கண்ணாடி உணர்விகள் ஏறத்தாழ 10,000 வோல்ட்டில் இயங்குகின்றன. எந்தத் துகளும் வராதபோதே அவை அவ்வப்போது பொய்த் துடிப்புக் காட்டும். இதற்கு மாற்று, நாம் முன்பு பார்த்த அதே நெறிதான். ஓர் அடுக்கு மட்டும் துடித்தால் நம்புவதில்லை. அடுத்தடுத்த அடுக்குகள் ஒரே கணத்தில், ஒரு பாதையாகத் துடித்தால் மட்டுமே துகள் என்று ஏற்பர். மதுரையில் 85 டன் இரும்பில் அமைக்கப்பட்ட சிறிய மாதிரிக் கருவி, 2018 முதல் இப்பாடங்களைக் கற்றுத் தந்திருக்கிறது.

மலையிலோ சுரங்கம் தோண்டப்படவில்லை. காடும் நீரூற்றும் புலிகளின் நடமாட்டப் பாதையும் பாதிக்கப்படும் என்ற எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு தன் மறுப்பை உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. மலையின் காடும் நீரும் பற்றிய கவலை ஒரு கேள்வி. வெடித்துச் சிதறும் முடுக்கி பற்றிய அச்சம் வேறு. முன்னதற்கு விடை தேட வேண்டியது அரசினரும் அறிஞரும் பள்ளத்தாக்கு மக்களும் கூடிய சபையில். பின்னதற்கு விடை இக்கட்டுரையிலேயே உள்ளது: அங்கே முடுக்கி இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால், நியாயமான கேள்வியும் கூச்சலில் அமிழ்ந்துவிடும்.

அன்புத் தங்கைகளே, நாளை உங்களில் ஒருத்தி இந்தூரிலோ ஜெனீவாவிலோ அளவியின் முன் அமரலாம். நடுங்கும் கோடு ஒன்று அவள் கண்ணில் படலாம். அதைத் துடைத்துவிடாமல், எப்போது வருகிறது, எப்போது அடங்குகிறது என்று முதலில் நேரம் குறித்து வைப்பாளாக. அதற்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம். வீட்டு விளக்கு மங்கும் வேளைகளை ஒரு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள். எந்தத் தோட்டத்து மோட்டார் எப்போது ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.